எரித்தால் குப்பை எங்கே போகும்?

எங்கள் வீடுகளுக்குப் பக்கத்தில் குப்பை எரிஉலை வேண்டாம் என்று நேற்று கையெழுத்துப் போட்டேன். "எரித்தால் குப்பை ஒழிந்துவிடுமே" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எங்கே ஒழிகிறது? நூறு கிலோ எரித்தால் 20, 25 கிலோ சாம்பல் மிஞ்சும். புகை வடிகட்டியில் சிக்கும் நுண்சாம்பலில் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் எல்லாம் இருக்கும். அதைப் புதைக்கவும் தனி இடம் வேண்டும். குப்பை எரியும்போது டையாக்சின் என்ற கொடிய நச்சு உருவாகும்; அது சிதைய உலையில் குறைந்தது 850 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஈரக் குப்பை கலந்தால் அந்த வெப்பத்தைத் தக்கவைப்பதே பெரும்பாடு. அப்புறம், புகை ஆறும்போது டையாக்சின் மறுபடி உருவாகலாம். இப்படிப்பட்ட நச்சுகளைக் கட்டுப்படுத்த 2001-இல் உலக நாடுகள் ஏற்ற ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையே எரிஉலைகளை டையாக்சினின் மூலங்களில் ஒன்றாகச் சொல்கிறது.

என் மகளுக்கு இளைப்பு இருக்கிறது. என்னால் சும்மா இருக்க முடியாது. சனிக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம். அக்காவும் வருகிறேன் என்றிருக்கிறார்.