பல் போனது, வலி போகவில்லை

குடியாத்தத்தில் என் வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கினார்கள். எக்ஸ்ரேயில் சொத்தை தெரியவில்லை என்று பல் மருத்துவர் சொல்லத்தான் செய்தார். வலி தாங்காமல் நான்தான் கெஞ்சினேன். அந்த இரண்டு பற்களும் நல்ல பற்கள் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கன்னத்தில் மின்சாரம் பாய்வதுபோல் சில விநாடிகள் வெட்டும். பல் துலக்கினால், முகம் கழுவினால், பஸ்ஸில் காற்று பட்டால்கூட வரும். மெல்ல முடியாமல் மாதக்கணக்கில் கேழ்வரகுக் களியை விழுங்கியே நாளைக் கடத்தினேன்.

கூடவே தலைவலி, இரவில் நெஞ்சுப் படபடப்பு. மூன்றுக்கும் தனித்தனி மருத்துவர், தனித்தனிச் சீட்டு. தலைவலி மாத்திரையைத் தினமும் போட்டேன்.

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போன முதல் பயணம் வீண். விடியற்காலை பஸ் பிடித்து, வரிசையில் நின்று கவுன்ட்டரை அடைந்தால், அங்கிருந்தவர் தலை நிமிராமலே, "தாடை வலியா? பல் பிரிவுக்குப் போங்கள் அம்மா" என்று சீட்டைத் தள்ளிவிட்டார். வாயைத் திறந்தாலே வலி வெட்டும். வாதாடவும் முடியாமல் திரும்பினேன்.

அடுத்த முறை மகளின் நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனேன். எந்தப் பக்கம், எத்தனை விநாடி, எது தொட்டால் வருகிறது, தலைவலி எந்தெந்த நாள், எத்தனை மாத்திரை. போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். நரம்பியல் மருத்துவர் அதைப் படித்துவிட்டு, வலி பல்லில் இல்லை, முக்கிளை நரம்பில் இருக்கிறது என்றார். நெற்றி, கன்னம், தாடை மூன்றுக்கும் அதே நரம்புதான். தலைவலியை உணர்த்துவதிலும் அதற்குப் பங்கு உண்டு. மாதத்தில் பாதி நாள் வலி மாத்திரை போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். அடுத்த வெட்டு எப்போது என்ற பயத்தில் நான் தாடையை இறுக்கியபடி, தூங்காமல் கிடந்தது தலைவலியை இன்னும் வளர்த்திருக்கிறது. "இந்த வலிக்கு யாராக இருந்தாலும் பயப்படுவார்கள்" என்று அவர் சொன்னதும் அழுதுவிட்டேன். அதுவரை "எல்லாம் மனப்பிரமை" என்றுதான் கேட்டுப் பழகியிருந்தேன்.

எம்ஆர்ஐ ஸ்கேனில் ரத்தக்குழாய் ஒன்று நரம்பை அழுத்துவது தெரிந்தது. நரம்பு வலிக்கான கார்பமாசபின் மாத்திரை கொடுத்தார்கள். முதல் வாரம் தலை சுற்றியது, பகலெல்லாம் தூக்கம். இந்த மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு குறையலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். தோலில் தடிப்பு வந்தால் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள். வலி இல்லையே என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

போன வாரம் பரிசோதனை முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். லத்தேரி, கே.வி.குப்பம் தாண்டி வீடு வரும்வரை முகத்தில் துண்டு சுற்றவில்லை.