ஆனைக்காவில் ஓர் அர்ச்சனை

திருவானைக்காவில் ஒன்பது துளைச் சாளரத்தின் வழியே ஜம்புகேஸ்வரரைத் தரிசித்து நின்றபோது, தலத்துக்குப் பெயர் தந்த அந்த யானையே நினைவில் நிறைந்திருந்தது. வெண்நாவல் மரத்தடியில் இருந்த இறைவனுக்குக் காவிரியிலிருந்து துதிக்கையில் நீர் முகந்து வந்து திருமஞ்சனம் செய்த அதனை யாரும் பிடித்து வந்து கட்டிவைக்கவில்லை. அன்பு இழுத்த வழியே தானாக வந்தது. அதனோடு பகைத்து மாண்ட சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை புக முடியாத மாடக்கோயில்களைக் கட்டியது என்பது தலபுராணம்.

வெளியே கோயில் யானை அகிலா நின்றிருந்தாள். 2011 முதல் இத்தலத்தில் சேவை செய்யும் அவளுக்கு, நிர்வாகத்தினர் தனியே குளியல் குளம் அமைத்திருக்கிறார்கள். பாகன் அவள் காதருகே குனிந்து ஏதோ சொல்ல, அவள் செவி மெல்ல அசைந்தது. அந்தப் பரிவில் எனக்கு ஐயமே இல்லை. ஆயினும் காட்டில் பிடி, அதாவது பெண் யானை, தனித்து வாழ்வதில்லை. மூத்த பிடியொன்றின் தலைமையில் தாய், தமக்கை, சிற்றன்னை என்று கூடியே மேயும், 22 மாதம் சுமந்து ஒருத்தி ஈன்ற கன்றை மற்றவையும் காக்கும், நம் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் தொலைவிலுள்ள உறவோடும் பேசிக்கொள்ளும். அவ்வாறு வாழ வேண்டிய உயிரைக் கருங்கல் தளத்தில் தனியே நிறுத்தினால் பாதம் வெடித்து நகங்களில் புண் வருகிறது. சில யானைகள் ஓயாமல் உடலை இடமும் வலமுமாக ஆட்டத் தொடங்குகின்றன. சிறுவயதில் வேறொரு கோயிலில் அதைக் கண்டு, யானை நடனமாடுகிறது என்று நான் கைதட்டியிருக்கிறேன். அது தனிமையின் வேதனை என்று அறிந்த நாளிலிருந்து அந்தக் கைதட்டல் என்னை உறுத்துகிறது.

2003-இல் முதுமலையில் தொடங்கி, பின்னர் பவானிக் கரையிலுள்ள தேக்கம்பட்டியில் நடந்த நலவாழ்வு முகாம்களில், கோயில் யானைகள் ஒன்றையொன்று துதிக்கையால் தடவிக்கொள்ள வாய்த்தது. அத்தகைய நாட்கள் ஆண்டு முழுவதும் வேண்டும் என்பேன். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இதே தீவில், கூப்பிடு தூரத்துத் திருவரங்கத்தில் அக்கோயில் யானைகளான ஆண்டாளும் லட்சுமியும் இருக்கிறார்கள். ஆற்றங்கரையில் மூவரும் கூடி நிற்க வழி காண்பது அரிதா என்ன?

காசு கொடுத்து ஆசி வாங்க மனம் வராமல், கைகூப்பிவிட்டு அம்பாள் சந்நிதிக்குச் சென்றேன். அர்ச்சனை யார் பெயருக்கு என்று அர்ச்சகர் கேட்டார். "அகிலாவுக்கு" என்றேன். நட்சத்திரம் கேட்டார், தெரியாது என்றதும் ஒரு கணம் என்னைப் பார்த்தவர், அந்தப் பெயரைச் சொல்லியே அகிலாண்டேஸ்வரியின் திருவடியில் குங்குமம் இட்டார்.