கார் வாஷ் ஹோஸ் ஃபிட்டிங்: மரையைப் பார்க்காமல் வாங்காதீர்கள்

காசு போட்டு அவரவரே வண்டி கழுவிக்கொள்ளும் வாஷ் பேயில் அதிகம் அடிபடுவது ஹோஸும் அதன் இரண்டு முனைகளும்தான். நாளெல்லாம் கை மாறுகிறது. இழுக்கிறார்கள், முறுக்குகிறார்கள், தண்ணீர் பீச்சும் கன்னைத் தரையில் போடுகிறார்கள். வீட்டு பிரஷர் வாஷருக்கு ஒத்துவருகிற ஃபிட்டிங் இங்கே ரொம்ப நாள் தாங்காது.

முதலில் மரை. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் பிஎஸ்பிதான் (பிரிட்டிஷ் குழாய் மரை) கிடைக்கும். அமெரிக்க பம்ப், கன் என்றால் என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை). பிஎஸ்பி மரையின் கோணம் 55 டிகிரி, என்பிடிக்கு 60. கால் அங்குலத்திலும், பட்டறையில் மூணு நூல் என்கிறோமே, அந்த 3/8 அங்குலத்திலும் பிஎஸ்பிக்கு அங்குலத்துக்கு 19 புரி (மரையின் சுற்று), என்பிடிக்கு 18. மாற்றி மாட்டினால் சில சுற்றிலேயே இறுகிவிடும், தப்பு உடனே தெரியும். ஏமாற்றுவது அரை அங்குலமும் முக்காலும்தான். அங்கே இரண்டுக்குமே 14 புரி. சுகமாக ஏறும், டேப் சுற்றினால் கசிவும் நின்ற மாதிரி இருக்கும். பிரஷர் ஏறியதும் மரை ஓரத்தில் முத்து முத்தாக நீர் பூக்கும். அதை நிறுத்த இன்னும் முறுக்கினால் பித்தளை ஃபிட்டிங்கின் வாய் பிளந்துவிடும். புரி அளக்கும் திரெட் கேஜ் ஒன்று கையில் இருக்கட்டும்.

22 மில்லி விட்டமுள்ள எம்22 மரையில் வேறொரு சிக்கல். வெளி மரை ஒன்றேதான், ஆனால் உள்ளே ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) உட்காரும் முனையில் 14 மில்லி, 15 மில்லி என இரண்டு வகை. 14 முனையை 15 துளையில் மாட்டினால் மரை முழுசாக ஏறும், ஆனால் இடைவெளி வழியாகத் தண்ணீர் பீச்சும். வெர்னியர் வைத்து அளந்த பிறகே ஆர்டர் கொடுங்கள்.

நிமிடத்துக்கு 15 லிட்டர் தள்ளும் பம்ப் என்றால் 3/8 அங்குல ஹோஸ் சரி. அதில் நீர் நொடிக்குச் சுமார் மூன்றரை மீட்டர் வேகத்தில் போகும். கால் அங்குலத்தில் அதுவே எட்டு மீட்டரை நெருங்கும், பிரஷர் இழப்பு ஏறக்குறைய ஏழு மடங்காகும். நல்ல ஹோஸ் வாங்கிவிட்டு நடுவில் சின்னத் துளை உள்ள சட்டென மாட்டிக் கழற்றும் குயிக் கப்ளரைச் செருகினால் அங்கேயே நெரிபடும். ஒற்றைக் கம்பிப் பின்னல் 1எஸ்என் ஹோஸ் 3/8 அளவில் 180 பார் (பிரஷர் அளவு) வரை வேலை செய்யும். 80, 100 பாரில் ஓடும் வாஷ் பேக்கு அது தாராளம். இரட்டைப் பின்னல் போட்டால் கனம்தான் கூடும், கழுவுகிறவருக்குக் கை வலிக்கும்.

ஸ்விவல், அதாவது சுழலும் இணைப்பு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். மேலே ஹோஸைத் தாங்கும் பூம் கையில் ஒன்று, கன் நுழைவாயில் ஒன்று, இரண்டும் வேண்டும். ஆள் வண்டியைச் சுற்றி வரும்போது விழும் முறுக்கு ஸ்விவலில் கழியாவிட்டால் ஹோஸில் ஏறும். அறுந்த ஹோஸைப் பாருங்கள்: ஃபெரூலிலிருந்து (ஹோஸ் முனையை இறுக்கும் உலோக வளையம்) இரண்டு விரற்கடை தள்ளி ரப்பர் சாய்வாக வெடித்திருக்கும், பிளவுக்குள் கம்பி துருவேறிச் செம்பழுப்பாக இருக்கும். அந்த இடத்தில் வளைவுக் காப்பு ஸ்பிரிங் போடுங்கள். 3/8 ஹோஸை 130 மில்லி ஆரத்துக்குக் கீழே வளைக்கவே கூடாது.

துத்தநாகப் பூச்சு இரும்பு ஈரமான வாஷ் பேயில் சீக்கிரம் துருப்பிடிக்கும். பித்தளை பரவாயில்லை, ஆனால் அம்மோனியா கலந்த கிளீனர் பட்டால் விரிசல் விடும். கன் பக்கம் ஸ்டெயின்லெஸ்தான் என் தேர்வு. ஸ்டெயின்லெஸ் மேல் ஸ்டெயின்லெஸ் பூட்டும்போது ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவி மெதுவாகத் திருகுங்கள், இல்லையென்றால் மரை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு திரும்பவே வராது. வெந்நீரும் காரமான ஷாம்பூவும் ஓடும் லைனுக்கு ஈபிடிஎம் (ஒரு வகைச் செயற்கை ரப்பர்) ஓ-ரிங். அதில் பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ஊதிவிடும், சிலிக்கான் கிரீஸ் மட்டும் போதும்.

டெஃப்ளான் டேப், முனை நோக்கிச் சிறுத்துப் போகும் கூம்பு மரைக்கு மட்டும். முதல் புரியை விட்டுவிட்டு, மரை ஏறும் திசையில் மூன்று நான்கு சுற்று. விடாவிட்டால் முனையில் தொங்கும் டேப் துணுக்கு பிய்ந்து போய் நாசிலை அடைக்கும். நேர் மரை பிஎஸ்பியில் டேப் பயனில்லை. அங்கே ரப்பர் பதித்த பாண்டட் வாஷரோ கோன் முனையோதான் நீரை நிறுத்தும்.

உயர் பிரஷர் முனையில் திருகு கிளிப் ஒருபோதும் போடாதீர்கள். ஹோஸுக்குப் பொருந்திய ஃபெரூலைக் கிரிம்ப் செய்து (இயந்திரத்தால் நசுக்கி இறுக்கி), அதன் விட்டத்தைத் தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். மாட்டி ஓட்டும்போது கசிவை விரலால் தடவித் தேட வேண்டாம். ஊசித் துளையில் வரும் நீர் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அட்டைத் துண்டு ஒன்றைத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள், நனைகிற இடம் காட்டிக்கொடுக்கும்.