ஹாரன் கேட்காத 97 கிலோமீட்டர்

என் மச்சான் சொல்வதில் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்பது கல்யாணமான மறு வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் போன செப்டம்பரில், "மாமா, கம்பர்லேண்ட்லேர்ந்து கெளம்பினா முழுக்க இறக்கம்தான். சைக்கிள விட்டா அதுவா போகும்" என்று அவன் சொன்னபோது தலையாட்டிவிட்டேன்.

சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. அமெரிக்காவின் மேரிலாந்தில் எல்லோரும் 'சி அண்ட் ஓ' என்று சொல்லும் செசபீக் - ஓஹையோ கால்வாய், போட்டோமாக் ஆற்றை ஒட்டியபடி கம்பர்லேண்டிலிருந்து வாஷிங்டன் வரை 184.5 மைல் போகிறது. மொத்த இறக்கம் 605 அடி. முதல் நாள் மத்தியானம் மூச்சு வாங்க ஒரு மரத்தடியில் உட்கார்ந்தபோதுதான் கணக்குப் போட்டேன். கிலோமீட்டருக்கு இரண்டு அடி. அதையும் படகை ஏற்றி இறக்க லாக் என்கிற மதகுத் தொட்டி கட்டிய 74 இடங்களில் எட்டு எட்டு அடியாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள். மற்ற இடமெல்லாம் தோசைக்கல் மாதிரி தட்டை. மிதித்தால்தான் போகும்.

ஒரு காலத்தில் கோவேறு கழுதைகள் கயிற்றைக் கட்டி நிலக்கரிப் படகை இழுத்துப்போன கரை இது. 1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றது. தண்ணீர் வற்றிய கால்வாய்க்குள்ளேயே மரம் முளைத்துக் காடாகிவிட்டது. 1954-இல் இதைக் கார் சாலையாக்கலாம் என்று பேச்சு வந்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு முழுக் கரையையும் நடந்தே காட்டினார். 1971-இல் தேசிய வரலாற்றுப் பூங்காவானது. ஆகவே இன்றைக்கும் கரைமேல் கார் கிடையாது, பைக் கிடையாது. கழுதைகளும் போய்விட்டதால் மூட்டை இழுக்க நாங்கள் போனோம்.

ஊரில் அப்பாவிடம் போனில் சொன்னேன். "எப்படிப்பட்ட ரோடு?" என்றார். "கிராவல் ரோடுப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நம்ம குடமுருட்டிக் கரை கிராவல் ரோட்டத் தார் ரோடாக்கச் சொல்லி எத்தன மனு குடுத்திருப்போம்! நீ அங்க போயி அதுல ஓட்டத் தனியா சைக்கிள் வாங்கினியா? எவ்வளவு?"

விலையை நான் மனைவியிடமே பாதிதான் சொல்லியிருந்தேன். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கிளம்பும் அன்று காலையில்தான் மச்சானின் சைக்கிளைச் சரியாகப் பார்த்தேன். ஹேண்டில்பாரில் எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு பெல். கும்பகோணத்தில் வாங்கி, செக்-இன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தானாம். "காட்டுக்குள்ள யாருக்குடா பெல்லு? ஐஸ் வண்டின்னு நெனச்சுக்கப்போறாங்க" என்றேன். பெல் வைத்திருக்க வேண்டும் என்பது பூங்கா விதி. என்னுடையதில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒன்று இருந்தது. அடித்தால் கொசு தும்மின மாதிரி இருக்கும்.

திட்டம் சுலபம். மனைவி காலையில் கம்பர்லேண்டில் எங்களை இறக்கிவிடுவாள். இரண்டு நாளில் 97 கிலோமீட்டர் ஓட்டி ஹான்காக் ஊருக்கு வந்தால் அங்கே வந்து ஏற்றிக்கொள்வாள்.

முதல் பத்து கிலோமீட்டர் சொர்க்கம். இடது பக்கம் பாசி படிந்த கால்வாய், அதில் கிடக்கிற கட்டைமேல் வரிசையாக வெயில் காயும் ஆமைகள், வலது பக்கம் மர இடுக்கில் ஆறு. ஆனால் எனக்கு என்னவோ குறைந்தது. அரை மணி நேரம் கழித்துப் பிடிபட்டது: பின்னாலிருந்து யாரும் ஹாரன் அடிக்கவில்லை. நாற்பது வருஷப் பழக்கம், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காலியான பாதையில் ஓரமாகவும் ஒதுங்கினேன்.

டிராபிக் இல்லை என்று யார் சொன்னது என்பது போல, ஒரு வளைவில் பன்னிரண்டு கனடா வாத்துகள் ரோட்டை மறித்து நின்றன. மச்சான் பெல்லை அடித்தான். நம்மூர்ப் பெல், காடே அதிர்ந்தது. வாத்துகளில் மூத்தது ஒன்று கழுத்தை நீட்டி, சீறிக்கொண்டு நேராக அவனை நோக்கி வந்தது. நாங்கள்தான் இறங்கிப் புல்லில் உருட்டிக்கொண்டு போனோம்.

பாவ் பாவ் என்ற ஊர்ப் பெயரைப் பலகையில் பார்த்ததும் மச்சானுக்குப் பப்பாளி ஆசை வந்துவிட்டது. அண்ணாந்து மரம் மரமாகத் தேடினான். பப்பாளிக்கும் பாவ்பாவ் என்று ஒரு பெயர் உண்டு, ஆனால் இந்தப் பாவ்பாவ் வேறு. நம் சீத்தாப்பழத்துக்குச் சொந்தக்கார மரம். கீழே விழுந்து கிடந்த ஒன்றைப் பிய்த்துத் தின்றோம். மாம்பழமும் வாழைப்பழமும் சேர்த்துப் பிசைந்த மாதிரி ருசி, உள்ளே பெரிய பெரிய கருப்பு விதைகள். "அப்ப பப்பாளி?" என்று கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தான்.

அப்புறம்தான் பாவ் பாவ் சுரங்கம். ஆற்றின் ஆறு மைல் வளைவைத் தவிர்க்க மலையைக் குடைந்த 3,118 அடி நீள இருட்டு. இரண்டு வருஷத்தில் முடிப்பதாக 1836-இல் ஆரம்பித்து, 14 வருஷம் இழுத்தது. படகுக் காலத்தில் உள்ளே ஒரு படகு போகத்தான் இடம். எதிரெதிரே வந்த இரண்டு படகுக்காரர்கள் 'நீ பின்னால போ', 'நீ போ' என்று நாள் கணக்கில் முறைத்துக்கொண்டு நின்றதாகவும், கடைசியில் கம்பெனிக்காரர்கள் ஒரு பக்கம் தீ மூட்டிப் புகை போட்டு விரட்டியதாகவும் ஒரு கதை சொல்வார்கள். அதை மச்சானுக்குச் சொல்லி, "எங்க ஊரு மினிபஸ்காரங்க இதவிட மோசம்" என்று சிரித்துக்கொண்டே சைக்கிளை உள்ளே தள்ளினேன்.

பாதி வழியில் என் லைட் அணைந்தது. எதிரே ஒரு வெளிச்சம் வந்தது. எழுபது வயதிருக்கும் தம்பதி, இரண்டு பேர் மிதிக்கும் நீள சைக்கிள், அதன் பின்னால் ஒரு குட்டி டிரெய்லர், அதற்குள் ஒரு நாய். பாதையோ நாலு முழம்கூட இல்லை. ஒரு பக்கம் செங்கல் சுவர், மறு பக்கம் கம்பி. எங்கள் சைக்கிளில் இரண்டு பக்கமும் பைகள். அவர்கள் பின்வாங்குகிறோம் என்றார்கள். டிரெய்லரோடு எப்படி முடியும், நாங்களே பின்வாங்குகிறோம் என்றோம். இல்லையில்லை என்றார்கள். மரியாதையிலேயே மூன்று நிமிஷம் போனது. நாய்க்குப் பொறுமை போய்க் குரைக்க ஆரம்பித்தது. சுரங்கத்தில் ஒரு நாய் குரைத்தால் நாற்பது நாய் குரைக்கும்.

சரி என்று நான் ரிவர்ஸ் எடுத்தேன். இருட்டில், மூட்டையோடு, பின்பக்கமாக. மச்சானுக்கு அந்த இடத்தில்தான் கண்டக்டர் சாமி வந்தது. பெல்லை ஒரு தட்டுத் தட்டி, "வரட்டும் வரட்டும்... லெப்ட்ல ஒடிங்க மாமா... வரட்டும்... ஹோல்டான்!" அந்த "ஹோல்டான்" சுவர்களில் மோதி நாலு தரம் திரும்பி வந்தது. வெளியே வந்ததும் அந்த அம்மாள், அது என்ன பிரார்த்தனை என்று கேட்டார். மச்சான் கூசாமல், ஆபத்தில்லாத பயணத்துக்காக எங்கள் ஊரில் பஸ் கிளம்பும்போது சொல்வது என்றான். அவர் கை கூப்பினார். நானும் கூப்பினேன். வேறு என்ன செய்ய?

மறுபடி உள்ளே போய் அந்தப் பக்கம் வெளியேறி, முகாமிட்ட இடத்தில் ஓர் அடிபம்பு. எங்களுக்கு முன்னால் வந்திருந்த இளைஞர்கள் நாலைந்து முறை அடித்துவிட்டுத் தண்ணீர் வரவில்லை என்று நின்றார்கள். என் சைக்கிள் வாழ்க்கையில் நான் நிபுணனாக நின்ற ஒரே இடம் அதுதான். தோளைக் கொடுத்து இருபது தரம் ஒரே தாளமாக அடித்தேன், கொட்டியது. கை தட்டினார்கள். தண்ணீரில் அயோடின் கலந்திருப்பார்கள். அதில் போட்ட காபி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து குடிப்பதுபோல இருந்தது. புளியோதரை மட்டும் காப்பாற்றியது.

இரவு மழை. அதோடு ஆற்றுக்கு அக்கரையில் சரக்கு ரயில், ஒரு மணிக்கு ஒருதரம் நீளமாக ஹாரன். கால்வாய் வேலை தொடங்கிய அதே 1828 ஜூலை 4 அன்றுதான் பால்டிமோர் - ஓஹையோ ரயில் பாதை வேலையும் தொடங்கியது. கம்பர்லேண்டுக்கு ரயில் வந்தது 1842-இல். கால்வாய் வந்து சேர்ந்தது 1850-இல். ஜெயித்ததை இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது, கால்வாய்க் கரையில் தூங்குகிறவனை எழுப்பிச் சொல்லிவிட்டுப் போகிறது.

இரண்டாம் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, சேறுதான். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் களிமண் அப்பி, குச்சியால் நோண்டி நோண்டிப் போனோம். இதில் கொடுமை, லிட்டில் ஆர்லியன்ஸிலிருந்து ஹான்காக் வரை பழைய ரயில் தடத்தில் வழவழவென்று தார் போட்ட சைக்கிள் பாதை ஒன்று பக்கத்திலேயே வருகிறது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு தாத்தா அதில் விசிலடித்துக்கொண்டு போனார். "அதுல போவோம்டா" என்றேன். "கிராவல் ரைடுன்னா கிராவல் ரைடுதான் மாமா" என்றான் மச்சான், கன்னத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டே. பெல்லுக்குள்ளும் சேறு. அடித்தால் 'தக்' என்றது.

ஹான்காக்கில் கார் நிறுத்துமிடத்துக்குள் நுழைந்தோம். பரவாயில்லை, முடித்துவிட்டோம் என்று மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் கார் ஹாரன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓரமாக ஒதுங்கினோம். அந்த இடம் முழுக்கவும் சிமெண்டுத் தரை, ஓரத்தில் ஒரே ஒரு குட்டைதான் இருந்தது. அதில்.

என் மனைவி கண்ணாடியை இறக்கி எங்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "டிக்கில பழைய பெட்ஷீட் இருக்கு. ரெண்டு பேரும் சுத்திக்கிட்டு ஏறுங்க" என்றவள், "சைக்கிள் விலை பத்தி மாமா போன் பண்ணினாரு" என்றாள்.