அலெஃப், பேத், கீமெல்

மார்ச் 25, 2024, திங்கள்

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் வந்தால் நான் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃப்ரான்ஸுவா கூப்ரேனை எடுத்துவிடுவேன். 1714 வாக்கில் பாரிஸை அடுத்த லோன்ஷான் மடத்துக் கன்னியர் பாட அவர் எழுதிய 'லெசோன் த தெநெப்ர்', அதாவது இருள் வழிபாட்டின் பாடங்கள். ஜெருசலேமின் அழிவுக்கு அழும் பைபிள் பகுதியான எரேமியாவின் புலம்பலுக்குப் போட்ட இசை. மூன்று நாளுக்கு மும்மூன்று என்று ஒன்பது பாடங்கள் இருந்திருக்க வேண்டும், புதன்கிழமைக்குரிய மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. வெரோனிக் ஜான்ஸும் சாந்த்ரின் பியோவும் பாடியது, கிறிஸ்டோஃப் ரூசே நடத்தியது. ஸ்பீக்கரில் போட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா, "யார் வீட்டுல சாவு?" என்றார். ஜெருசலேம் என்றேன்.

மார்ச் 27, புதன்

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். இந்தப் பாடங்கள் பாடப்படும் இருள் வழிபாட்டில் பதினைந்து மெழுகுவர்த்திகள் ஏற்றி, பைபிளின் துதிப்பாடலான சங்கீதம் ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒன்றை அணைத்துக்கொண்டே வருவார்கள், கடைசி ஒன்றை மட்டும் அணைக்காமல் பீடத்துக்குப் பின்னால் மறைத்து வைப்பார்கள். என்னிடம் இருந்தது ஒரே ஒரு கரண்ட் கட் மெழுகுவர்த்தி, அதையும் கொசு பிடுங்கியதில் பாதியில் ஊதிவிட்டேன்.

புலம்பலின் முதல் அதிகாரம் எபிரேய எழுத்து வரிசையில் போகிறது, நம் ஆத்திசூடி அ, ஆ என்று போவதுபோல. லத்தீனில் மொழிபெயர்த்தவர்கள் வரிசையைக் காட்ட அலெஃப், பேத் என்று எழுத்துப் பெயர்களை முன்னால் அப்படியே விட்டுவிட்டார்கள். வெறும் வரிசை எண் மாதிரிதான், அதைப் போய் யார் பாடுவார்கள்? இங்கே அதுதான் உயிர். நகரம் விதவைபோல உட்கார்ந்திருக்கிறது, இரவெல்லாம் அழுகிறது என்று சொற்கள் வரும்போது குரல் கிட்டத்தட்டப் பேசுகிறது, அடக்கமாக, செய்தி சொல்வதுபோல. 'பேத்' என்ற ஒரே எழுத்து வந்ததும் அந்தக் குரல் வளைந்து வளைந்து இறங்கி, நின்று, மறுபடி ஏறுகிறது. ஒப்பாரியிலும் சொல் தீர்ந்த இடத்தில்தானே இழுப்பு வரும்.

மார்ச் 28, வியாழன்

அந்தக் காலத்தில் தவக்காலத்தின் கடைசி வாரங்களில் ஓபரா அரங்குகள் மூடிக் கிடக்கும். அந்த நாட்களில் பாடகிகள் லோன்ஷானுக்கு வந்து பாட, பாரிஸ் பணக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு போனார்களாம், பக்திக்குப் பாதி, பவுசுக்குப் பாதி. பிரெஞ்சுப் புரட்சியோடு மடம் போய்விட்டது. இப்போது லோன்ஷான் என்றால் குதிரைப் பந்தயம்.

மார்ச் 30, சனி

மூன்றாவது பாடத்தை மட்டும் நாலு தடவை கேட்டேன். முதல் இரண்டும் ஒற்றைக் குரலுக்கு, இதற்கு மட்டும் இரண்டு. தொடக்கத்தில் 'யோத்' என்ற எழுத்து. ஒருத்தி ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிற்க, மற்றவள் பக்கத்து ஸ்வரத்தில் வந்து உரசுகிறாள், உரசல் தாங்காமல் முதலாமவள் ஒரு படி இறங்குகிறாள், உடனே அடுத்த உரசல். கீழே ஆர்கனும், வில்லால் வாசிக்கும் பழைய தந்தி வாத்தியமான வயோலும் மட்டும். கோரஸோ முரசோ வேண்டியிருக்கவில்லை. சில பதிவுகளில் இந்த இடத்தை விம்மி விம்மிப் பாடிக் கெடுத்துவிடுகிறார்கள். இவர்கள் நேராகப் பிடிப்பதால்தான் அந்த உரசல் காதில் அப்படி விழுகிறது.

அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டார், "அந்த ரெண்டாவது பொண்ணு எப்ப வரும்?" முதலிலிருந்து போட்டேன்.