முதுகில் தேய்மானம், ரிப்போர்ட்டில் நல்ல எண்

எலும்பின் அடர்த்தியை எக்ஸ்ரே கொண்டு அளக்கும் டெக்சா ஸ்கேனுக்கு வரும் எழுபது வயதுக்காரர்களில் பலருக்கு "டிஸ்க் தேய்ஞ்சிருக்கு" என்று ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். ஜவ்வே தேய்ந்துவிட்டது, எலும்பு மட்டும் மிச்சமிருக்குமா என்பது கூட வருபவர்களின் கவலை. ஆனால் முதுகின் டி-ஸ்கோர், அதாவது இளவயதினரின் சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்லும் அடர்த்தி எண், பல நேரம் நன்றாகவே வரும். அதை அப்படியே நம்பிவிடுவதுதான் ஆபத்து.

டிஸ்க் நீர் வற்றித் தாழ்ந்தால், அதை ஒட்டிய முள்ளெலும்புகளின் தட்டுகளில் பாரம் கூடுகிறது. அங்கே எலும்பு இறுகும். ஓரங்களில் முள்போல வளரும். பின்பக்க மூட்டுகளும் தடிக்கும். டெக்சாவோ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் தாது என்று மட்டுமே பார்க்கிறது. உள்ளே இருக்கும் சல்லடை எலும்பா, ஓரத்து முள்ளா, முன்னால் ஓடும் பெருந்தமனியில் படிந்த சுண்ணாம்பா என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. நசுங்கிய முள்ளெலும்பிலும் இதே கதை: அதே தாது குறைந்த பரப்பில் அடங்குவதால் அடர்த்தி ஏறிக் காட்டும். உடைந்ததற்கு நல்ல மதிப்பெண்!

படுக்கவைக்கும்போதே கவனம் வேண்டும். கால்களைக் கட்டைமேல் தூக்கிவைத்தால்தான் கீழ்முதுகின் வளைவு மேசையில் படியும். வெள்ளி அரைஞாண், தாயத்து, சேலை ஊக்கு எல்லாம் கழற்றியாக வேண்டும். கரையாத கால்சியம் மாத்திரையும் படத்தில் விழும். அன்று காலை அது வேண்டாம்.

எண்ணுக்கு முன் படத்தைப் பார்க்க வேண்டும். கீழ்முதுகின் முள்ளெலும்புகளை மேலிருந்து கீழாக எல்1, எல்2 என்று எண்ணுவார்கள். எல்1 மைனஸ் 2.6, எல்2 மைனஸ் 2.4, எல்3 மைனஸ் 0.7, எல்4 பிளஸ் 0.6 என்று வைத்துக்கொள்வோம். நான்கையும் சேர்த்தால் மைனஸ் 1.2 அளவில் நின்று, 'லேசான குறைவு' என்று முடிந்துவிடும். பக்கத்து எலும்பிலிருந்து 1.0க்கு மேல் விலகி, படத்திலும் தேய்மானம் தெரிவதால் எல்3, எல்4 இரண்டையும் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். மிஞ்சுவது மைனஸ் 2.5, அதாவது எலும்புப்புரை. நீக்கியபின் ஒரே எலும்புதான் தேறும் என்றால் முதுகைக் கணக்கில் எடுக்கக் கூடாது. தொடை எலும்பின் கழுத்தும் மேற்பகுதியும் பேசட்டும். இரண்டு இடுப்பு மூட்டும் மாற்றியவர் என்றால் அதிகம் புழங்காத கையின் முன்கை எலும்பில், மணிக்கட்டிலிருந்து மூன்றிலொரு பங்கு தூரத்தில் உள்ள இடத்தை அளக்க வேண்டும்.

டிஸ்க்குக்காகத் திருகு போட்டு முதுகை இணைக்கப் போகிறவர்களிடம் இது இன்னும் முக்கியம். திருகின் பிடி பெரிதும் உள்ளெலும்பைப் பொறுத்தது. ஓரத்து முள் அதற்கு உதவாது. சிடி ஏற்கெனவே எடுத்திருந்தால், அந்தப் படத்தில் எல்1 முள்ளெலும்பின் உடற்பகுதிக்குள், வெளி ஓட்டைத் தொடாமல் வட்டம் போட்டு ஹவுன்ஸ்ஃபீல்டு எண் (சிடியில் அடர்த்தியைக் காட்டும் அளவு) பார்க்கலாம். 100க்குக் கீழே இறங்கினால், டெக்சா எவ்வளவு அழகாக இருந்தாலும் எலும்புப்புரையைச் சந்தேகிக்க வேண்டும்.

மறு ஸ்கேனில் முன்பு நீக்கிய அதே எலும்புகளையே நீக்க வேண்டும். இல்லாவிட்டால் வளர்ந்த முள், மருந்து வேலை செய்ததுபோலத் தோன்றும்.