பசுமைக் கரைப்பானின் தண்ணீர்க் கணக்கு

கோலின் குளோரைடு என்ற உப்பு 302 டிகிரி செல்சியஸில்தான் உருகும், யூரியா 133-இல். இரண்டையும் 1:2 மோல் விகிதத்தில் கலந்தால் அறை வெப்பநிலையிலேயே திரவம். இப்படித் தனித்தனி உருகுநிலைகளைவிட மிகத் தாழ்ந்த வெப்பத்திலேயே திரவமாகும் கலவைதான் டீப் யூடெக்டிக் கரைப்பான். 2003-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ அபட் குழு இதை வெளியிட்டபோது உறைநிலை 12 டிகிரி என்றது. பிறகு நன்றாக உலர்த்தி அளந்தவர்களுக்கு அதைவிட உயர்ந்த எண்ணே கிடைத்தது. வித்தியாசத்துக்குக் காரணம் தண்ணீர். இந்தக் கரைப்பானில் வேலை செய்பவர்கள் படும் பாட்டில் பாதி இந்தத் தண்ணீரால்தான்.

கோலின் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சென்னை போன்ற கடலோர ஊரில் எடைத்தாளிலேயே கசியத் தொடங்கிவிடும். வெற்றிட அடுப்பில் 60 முதல் 80 டிகிரிக்குள் இரவு முழுக்க உலர்த்தி, மூடியிட்ட குடுவையிலேயே நேராக எடை போடுங்கள். 0.1 மோலுக்குச் சரியாக 13.96 கிராம் வரவேண்டும் என்று கரண்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம். வந்த எடையை 0.86-ஆல் பெருக்கினால் சேர்க்க வேண்டிய யூரியாவின் எடை. மூடியபடி 70–80 டிகிரியில் கலக்குங்கள். நிறமற்ற தெளிந்த திரவமானதும் உடனே இறக்கிவிட வேண்டும்.

சீக்கிரம் கரையட்டும் என்று 100 டிகிரிக்கு ஏற்றுவதுதான் வழக்கமான தவறு. யூரியா சிதைந்து அம்மோனியாவும் ஐசோசயனிக் அமிலமும் தரும். பின்னது கோலினின் ஹைட்ராக்சில் முனையோடு சேர்ந்து கார்பமேட் ஆகும். குடுவையைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடியே போதுமான சோதனை. யூரியாவுக்குப் பதில் மாலிக், லாக்டிக் போன்ற அமிலங்கள் என்றால் வேறு சிக்கல்: அவை கோலினோடு எஸ்டராகி, கூடவே தண்ணீரையும் விடும். அலமாரியில் சும்மா இருந்தாலும் கலவை மெல்ல மாறும். அமில வகையைச் சூடாக்காமல் உரலில் அரைத்துச் செய்வது நல்லது. லேபிளில் தயாரித்த தேதி கட்டாயம்.

யூரியா வகை அறை வெப்பநிலையில் பாகு மாதிரி இருக்கும். பாகுத்தன்மை சுமார் 750 சென்டிபாய்ஸ். காந்தக் கலக்கி திணறும், வினை மந்தமாகும். சில விழுக்காடு தண்ணீர் சேர்த்தால் சட்டென இளகும். சேர்ப்பதில் தப்பில்லை, சொல்லாமல் விடுவதுதான் தப்பு. தண்ணீரின் அளவைக் காட்டும் கார்ல் ஃபிஷர் டைட்ரேஷன் எண் இல்லாத பாகுத்தன்மை அளவீட்டை ஒப்பிட முடியாது. எடையில் பாதிக்கு மேல் தண்ணீர் போனால் அது யூடெக்டிக் திரவமே அல்ல, வெறும் உப்பு–யூரியாக் கரைசல்.

ஆய்வுக் கட்டுரைகள் அவசரமாகத் தாண்டிப்போகும் இடம், விளைபொருளைப் பிரிப்பது. இந்தக் கரைப்பான் ஆவியாகாது என்று முன்னுரையில் மெச்சுவார்கள்; அதனாலேயே கரைப்பானை ஆவியாக்கி நீக்கும் ரோட்டரி எவாப்பரேட்டரில் இதை விரட்டவும் முடியாது. தண்ணீர் ஊற்றி விளைபொருளைப் படியவிடுவார்கள். 26 கிராம் கரைப்பானுக்கு 130 மில்லி தண்ணீர் ஊற்றினால், கரைப்பானை மீட்க அந்தத் தண்ணீரைப் போக்குவதற்கு ஆவியாதல் வெப்பம் மட்டுமே சுமார் 290 கிலோஜூல் வேண்டும். படியாவிட்டால் எத்தில் அசிடேட்டில் பிரித்து, சிலிக்கா நிரப்பிய பிரிப்புக் குழாயில் ஹெக்சேன் ஓட்டுவார்கள். அந்த ஹெக்சேனை ஈ-ஃபேக்டரில் (ஒரு கிலோ விளைபொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்ற கணக்கில்) சேர்க்காத அட்டவணையை நான் பசுமை என்று ஏற்பதில்லை. ஈ-ஃபேக்டரை உருவாக்கிய வேதியியலாளர் ஷெல்டன் முதலில் வகுத்த கணக்கில் தண்ணீர் கிடையாது, ஆகவே அதைத் தனி வரியாகக் காட்டலாம்.

மறுபயன்பாட்டுக்கும் ஐந்து சுற்று விளைச்சலைப் பட்டைப் படமாகப் போட்டால் போதாது. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் மீட்ட கரைப்பானை எடை போட்டு, தண்ணீர் அளந்து, மூலக்கூறுகளின் அமைப்பைக் காட்டும் புரோட்டான் என்.எம்.ஆர். நிறமாலையும் எடுங்கள். கோலினின் புதிய எஸ்டர் அல்லது கார்பமேட் உச்சங்கள் தெரிந்தால், விளைச்சல் குறையாவிட்டாலும் மூன்றாம் சுற்றில் குடுவையில் இருப்பது முதல் சுற்றின் கரைப்பான் அல்ல.